பதினாலாம் நம்பர்

மரகதவல்லி டோபி என்றால்
சுங்கை மெரந்தியில் யாரும் கைகாட்டுவார்கள்:
எண்ணெய் ஆலைக்கு எதிர் வரிசை,
ஆ லியோங்கின் டயர் கடைக்கும்
நாலு நம்பர் கடைக்கும் நடுவே.

அழைப்பிதழ் ஆறு நாடுகளுக்குப் போனது.
எனக்கு வந்தது துணி மூட்டை.
கிலோ நாலு வெள்ளி, காலுறை தனி,
மறுநாள் காலை ஏழுக்குள் காய்ந்திருக்க வேண்டும்
என்று விளையாட்டு இலாகா ஃபர்ஹானா
ஹைலக்சிலிருந்து இறங்காமலே சொன்னாள்.

திடல் வாசலில் பதாகை,
நான்கு மொழியில் வரவேற்பு.
நம் மொழியில் மட்டும் 'மகளீர் காற்பந்து' என்று இழுத்திருந்தார்கள்.
நீளமாய் வரவேற்றால் நல்லதுதானே
என்றாள் பூரணி, காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டே.

நான் ஓர் ஆட்டமும் பார்க்கவில்லை.
மிஷினுக்குக் காவல் வேண்டும்.
கோல் விழுந்தால் சத்தம்
ஆலைச் சங்கைத் தாண்டி வரும்;
யாருக்கு விழுந்தது என்பது
இரவு எட்டுக்கு மூட்டை அவிழ்க்கையில் தெரியும்.
தோற்றவர்கள் சட்டையைத் திருப்பிக்கூடப் போடுவதில்லை,
உள்பக்கம் வெளியே, பிடுங்கி எறிந்தது எறிந்தபடி.
ஜெயித்தவர்கள் முதுகில்
அடுத்தவள் கைவிரல் சேறு, ஐந்து கோடு.

லாவோஸ் கோல் கீப்பர் முழங்கையால் பிழைக்கிறவள்.
இலங்கை ஏழாம் நம்பரின் காலுறைக்குள்
மடித்த திருநீற்றுப் பொட்டலம்;
ஈரம் படாமல் எடுத்து, காய்ந்தபின் அங்கேயே வைத்தேன்.
எங்கள் பிள்ளைகள் சட்டையில்
மண்ணோடு மைலோ.

மங்கோலியா, நீலம்.
அதில் பதினாலாம் நம்பர்
முதல் ஆட்டம் முடிந்து வந்தபோது
மடிப்புக் கலையாமல் இருந்தது.
இரண்டாம் ஆட்டம், அதே மடிப்பு,
இந்தமுறை நான் போட்டது.
அக்குளில் மட்டும் லேசாக உப்பு:
எங்கள் ஊர் மூன்று மணி வெயிலில்
பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலே அவ்வளவு வரும்.

துவைக்காமலே கொடுத்துவிடுங்கள், அக்கா,
யாருக்குத் தெரியப்போகிறது என்றாள் பூரணி.
இல்லை. மற்றதோடு போட்டுச் சுற்றவிட்டேன்.
கண்ணாடிக்குப் பின்னால் எல்லாச் சட்டையும்
மோதி, உரசி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எழுந்தன.
அதுவும்.

காப்பிக்கு வந்த ஆ லியோங்
நம்பரைப் பார்த்துத் தலையாட்டினார்.
பதினாலா? எங்கள் வாயில் அது
'சாவு நிச்சயம்' மாதிரிக் கேட்கும்.
யார் இதைக் கேட்டு வாங்குவாள்?
ஈரேழு பதினாலு லோகம், தவுக்கே, என்றேன்,
அதற்குமேல் எண்ண இடமே கிடையாது.
சிரித்தார். போகிற வழியில்
பக்கத்துக் கடையில் பதினாலு பதினாலு என்று
ஒரு வெள்ளிக்கு எழுதிவிட்டுப் போனார்.
விழவில்லை.

கடைசி நாள் மழை.
நாலு மணிக்கே செம்பனை லோரிகள்
விளக்குப் போட்டுப் போயின.
ஒலிபெருக்கி ஏதோ ஒரு பெயரைச் சொல்லத் தொடங்கி
பாதியில் தடுக்கி விழுந்து
எழுந்து மறுபடி சொன்னது.
அப்புறம் ஒரு கூச்சல்.
கோல் கூச்சல் இல்லை, சின்னது,
யாரையோ உள்ளே அனுப்பும்போது போடுவது.

எட்டு மணிக்கு அவிழ்த்தேன்.
அடியிலிருந்து வந்தது பதினாலு,
உள்பக்கம் வெளியே.
திருப்பினேன்.
இடது தோளிலிருந்து இடுப்புவரை
எங்கள் செம்மண், ஒரே சறுக்கல்,
நடுவில் ஒரு புல், வேரோடு.
முதுகில் ஐந்து கோடு.

எத்தனை நிமிடம், என்ன கணக்கு,
ஃபர்ஹானாவைக் கேட்டால் சொல்லியிருப்பாள்.
கேட்கவில்லை.
சோடா உப்பு, எலுமிச்சை, பழைய பல்துலக்கி
எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

ஏழு மணிக்கு விமான நிலையத்துக்குப் பஸ்.
ஆறே முக்காலுக்கு இருபது நீலச் சட்டை
கட்டி ஏற்றினேன்.
பில்லின் கீழே எழுதினேன், மலாயில்:
பதினாலாம் நம்பர், முதுகில் கறை
முழுதாய்ப் போகவில்லை, மன்னிக்கவும்.

தேய்த்திருந்தால் போயிருக்கும்.